திறந்திருந்த கதவுகளும் விலக்குப் பட்டியல்களும்

அஞ்சல் என்ற சொல்லை இன்று நாம் தபால் என்ற பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகிறோம். அச்சொல்லுக்குள் வேறொரு பொருளும் உறைந்திருக்கிறது. ஒருவர் கொண்டுவந்ததை வாங்கி, அடுத்தவரிடம் சேர்ப்பித்து, அவர் வழியே உரியவரை அடையச் செய்வதும் அஞ்சல்தான். ஒரு வானொலி நிலையம் பிறிதொரு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என்றனர். இலங்கைத் தமிழர் தொடரோட்டப் போட்டியை அஞ்சலோட்டம் என்பர். ஆங்கிலத்தில் 'ரிலே' என்று வழங்குவது இதுவே.

மின்னஞ்சலின் தொடக்க ஆண்டுகளில் இந்த இரண்டாவது பொருளே அடித்தளமாக இருந்தது. முன்பின் அறியாத ஒருவர், முன்பின் அறியாத இன்னொருவருக்கு எழுதிய கடிதத்தை, இடையிலிருந்த ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி வாங்கி அப்பால் அனுப்பியது. கட்டணம் இல்லை, யார் எவர் என்ற விசாரணையும் இல்லை. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாற நட்டு வைத்த சுமைதாங்கிக் கல்லை ஒத்த ஏற்பாடு அது. 1990களின் இறுதியில் இந்த ஏற்பாடு ஒரு குற்றமாக அறிவிக்கப்பட்டது. அப்படிச் செய்த கணினிகளின் முகவரிகள் விலக்குப் பட்டியல்களில் ஏறின. இதையொட்டி எழுந்த வழக்கு ஒரு தொழில்நுட்பச் சச்சரவாகத் தோன்றினாலும், உண்மையில் அது அறம் பற்றிய பழைய கேள்விகளை எழுப்பிய ஒன்று. இலக்கியம் படிக்கும் நமக்கும் அதில் அக்கறை கொள்ள இடமுண்டு என்பதால் இக்கட்டுரை.

*

மின்னஞ்சலை ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்குக் கொண்டு செல்லும் நெறிமுறையை வகுத்தவர் ஜான் போஸ்டல். ஆர்.எஃப்.சி. 821 என்ற எண்ணுடன் அது 1982 ஆகஸ்டில் வெளியாயிற்று. அனுப்புநர் தாம் யார் என்று சொல்கிறாரோ அவர் அவரே என்று நம்புவது அந்நெறிமுறையின் இயல்பு. கடிதம் எந்தெந்த வழங்கிகளின் வழியே செல்ல வேண்டும் என்று அனுப்புநரே குறித்துக் கொடுக்கவும் அதில் இடமிருந்தது.

இதை வெகுளித்தனம் என்று இன்று சொல்வது எளிது. அன்றைய தேவை வேறு. அர்ப்பாநெட், பிட்நெட், தொலைபேசிக் கம்பி வழியே பெரும்பாலும் இரவில் தொடர்பு கொண்ட யூயூசிபி எனப் பல வலைகள் தனித்தனியே இயங்கின. ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குக் கடிதம் செல்ல, இடையில் இருப்பவர் மனமுவந்து வாங்கித் தர வேண்டும். பெற வேண்டிய கணினி உறங்கிக் கொண்டிருந்தால், அது விழிக்கும் வரை யாரேனும் வைத்திருக்க வேண்டும். எரிக் ஆல்மன் 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எழுதிய சென்ட்மெயில் என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்தது; உலகின் மிகப் பல வழங்கிகளில் அதுவே இயங்கிற்று. யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள் என்பதே அதன் இயல்பான நிலை. அதற்கென்று ஒருவர் எதையும் திறந்து வைக்க வேண்டியதில்லை. மூடத்தான் தனியாக முயல வேண்டும். இப்படி யாருக்கும் கைமாற்றித் தரும் கணினியையே 'ஓபன் ரிலே' என்றனர். திறந்த அஞ்சல் வழங்கி என்று நாம் சொல்லலாம்.

போஸ்டல் தீமையை அறியாதவர் அல்லர். 1975 நவம்பரிலேயே, மின்னஞ்சல் நெறிமுறைக்கு ஏழு ஆண்டுகள் முன்பாகவே, குப்பையஞ்சல் சிக்கல் பற்றி அவர் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆர்.எஃப்.சி. 706 என்பது அதன் எண். ஒழுங்கு தவறிய அல்லது வெறுமனே தொல்லை தருகிற கணினியிடமிருந்து வரும் செய்திகளை ஏற்க மறுக்கும் வழி, பெறும் கணினிக்கு இருந்தால் நல்லது என்பது அதன் சாரம். வாங்கி உதவும் ஏற்பாட்டையும், வாங்க மறுக்கும் உரிமையையும் ஒரே மனிதர்தாம் சிந்தித்திருக்கிறார். பின்னாளில் எதிரெதிர் அணிகளாகப் பிரிந்தவை ஒரு மனத்துக்குள் அருகருகே இருந்தன.

அந்த வலையில் முதல் வணிகக் குப்பையஞ்சல் என்று கருதப்படுவது 1978 மே 3 அன்று புறப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், புதிய கணினியின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைத்து ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். கண்டனம் எழுந்தது, அடங்கிற்று. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதியர், பச்சை அட்டைக் குலுக்கலுக்கு உதவுவதாக யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் விளம்பரமிட்டனர். இம்முறை அவர்கள் நாணவில்லை. அதைப் பற்றி நூலே எழுதினர். வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட வலையில், பழைய ஊர்க் கண்டனத்துக்கு வலிமை இல்லை என்பது அன்று தெரிந்தது.

குப்பையஞ்சல் அனுப்புவோருக்குத் திறந்த வழங்கி ஒரு வரமாயிற்று. ஒரே ஒரு மடலையும் ஒரு நீண்ட முகவரிப் பட்டியலையும் அதனிடம் கொடுத்தால் போதும். படியெடுத்து அனுப்பும் பாடும், அலைவரிசைச் செலவும், திரும்பி வரும் மடல்களின் சுமையும், பெற்றவர்களின் வசைகளும் அந்த வழங்கிக்கு உரியவை. அனுப்பியவரோ மலிவான தொலைபேசி இணைப்பில் மறைந்திருப்பார். ஏதோ ஒரு பள்ளியின் கணினி ஓர் இரவில் பல்லாயிரம் மடல்களை அனுப்பிவிட்டு விடியலில் மூச்சுத் திணறி நின்றது.

*

1997-இல் கலிஃபோர்னியாவில் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். குப்பையஞ்சலுக்கு இடம் கொடுக்கும் கணினிகளின் எண் முகவரிகளைத் தொகுத்து, தாங்கள் அவற்றோடு தொடர்பு கொள்வதில்லை என்று அறிவித்தனர். விரும்புவோர் அப்பட்டியலைத் தாமும் பின்பற்றலாம். ஆர்பிஎல் என்று பெயர் பெற்ற இதை நடத்திய அமைப்பு மேப்ஸ். ஆங்கிலத்தில் ஸ்பேம் என்ற சொல்லைத் தலைகீழாக எழுதினால் வருவது அது.

செயல்முறை எளியது. ஒரு வழங்கி மடலுடன் வந்து கதவைத் தட்டுகிறது. பெறும் வழங்கி, வந்தவரின் எண் முகவரியைத் தலைகீழாக வரிசைப்படுத்தி, பட்டியல் வைத்திருப்பவரின் பெயரோடு சேர்த்து, இணையத்தின் பெயரேட்டில் தேடுகிறது. 127.0.0.2 என்பது போன்ற விடை வந்தால் பட்டியலில் உள்ளவர் என்று பொருள், கதவு திறவாது. விடையே வரவில்லையென்றால் உள்ளே வரலாம். இமைப்பொழுதில் நடந்து முடியும் விசாரணை இது. வந்தவர் பேச இடமில்லை.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 1880-இல் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. நிலவுடைமையாளர் ஒருவரின் முகவராக இருந்த கேப்டன் பாய்காட் என்பவரை ஊரார் ஒதுக்கி வைத்தனர். அவர் மேல் கை வைக்கவில்லை. வேலைக்கு ஆள் போகவில்லை, கடையில் பொருள் கொடுக்கவில்லை. அவருடைய பெயரே புறக்கணிப்புக்குரிய ஆங்கிலச் சொல்லாயிற்று. நம் ஊர்விலக்கும் இத்தகையதே. விலக்கப்பட்டவருக்கு யாரும் எதுவும் செய்வதில்லை என்பதுதான் தண்டனை. விலக்குப் பட்டியலை நடத்தியவர்களின் வாதமும் இதுதான்: நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, எங்கள் கருத்தைச் சொல்கிறோம், ஏற்பவர் ஏற்கிறார். என் வீட்டுக் கதவை யாருக்குத் திறப்பது என்பது என் உரிமை.

ஊர்விலக்கை அறிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் வலிமையும் தெரியும், அதன் ஓட்டையும் தெரியும். ஒரு வீடு கதவடைப்பது உரிமை. எல்லா வீடுகளும் ஒருவருடைய சொல்லைக் கேட்டு ஒரே இரவில் கதவடைத்தால் அது அதிகாரம். அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார், எந்தச் சட்டத்தின் கீழ், எவரிடம் மேல்முறையீடு?

*

பூசல் முற்றியது விலக்குவோருக்கும் விலக்கப்பட்டோருக்கும் இடையே மட்டுமன்று. விலக்குவோருக்குள்ளேயேதான் அதன் கூர்மையான பகுதி நடந்தது.

திறந்த வழங்கிகளுக்கென்றே தனிப் பட்டியல்கள் தோன்றின. அவற்றுள் இரண்டு எதிரெதிர் நெறிகளைக் கொண்டவை. ஆர்.எஸ்.எஸ். என்ற பட்டியல், ஒரு வழங்கி திறந்திருப்பதோடு அதன் வழியே குப்பையஞ்சல் உண்மையாகவே வந்திருந்தால்தான் அதைச் சேர்த்தது. இது பின்னர் மேப்ஸ் அமைப்பின் கீழ் வந்தது. மற்றொன்று ஆர்ப்ஸ். கனடாவில் தொடங்கி, பின்னர் நியூசிலாந்தின் ஆலன் பிரௌன் பொறுப்பேற்று நடத்தியது. ஒரு வழங்கி திறந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்தாலே போதும், ஆர்ப்ஸ் அதைப் பட்டியலிட்டது. அதன் வழியே ஒரு குப்பை மடல்கூட வந்திராமல் இருக்கலாம்.

செய்த குற்றத்துக்குத் தண்டனையா, செய்யக்கூடிய வாய்ப்புக்கே தண்டனையா என்பதுதான் கேள்வி. ஆர்ப்ஸின் பக்கமும் நியாயம் இருந்தது. பூட்டாத வெடிமருந்துக் கிடங்கை, வெடித்த பிறகுதான் கண்டிப்பேன் என்பது அறிவுடைமை ஆகாது. இன்று குப்பை வரவில்லையென்றால் நாளை வரும். அதற்குள் பல்லாயிரம் பேர் துன்புறுவர். மறுபக்கத்தின் நியாயமும் குறைந்ததன்று. திறந்த கதவு என்பது கொலைக் கருவி அல்ல. அது வரவேற்பின் வடிவம். அதைத் தவறாகப் பயன்படுத்தியவன் ஒருவன், தண்டனை பெறுபவன் வேறொருவன்.

சோதிக்கும் முறையும் பகையை வளர்த்தது. ஆர்ப்ஸ் ஊர் ஊராகச் சென்று பூட்டுகளை இழுத்துப் பார்த்தது. அழையாமல் வந்து என் பூட்டை இழுக்க நீ யார் என்று வழங்கி நடத்துவோர் பலர் சினந்தனர். அவர்கள் ஆர்ப்ஸின் சோதனைகளைத் தடுத்தபோது, தடுத்த காரணத்துக்காகவே பட்டியலில் இடம்பெற்றனர். சோதனைக்கு உட்பட மறுப்பதே குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. விக்ஸி உயர் பொறுப்பு வகித்த அபவ்நெட் நிறுவனம், ஆர்ப்ஸுக்குச் செல்லும் வழியையே தன் வலையில் அடைத்தது. விலக்குப் பட்டியலின் தந்தை எனத்தக்கவரின் நிறுவனமே, மற்றொரு விலக்குப் பட்டியலை விலக்கிற்று.

நியூசிலாந்தின் இரண்டு இணைய சேவை நிறுவனங்கள், எக்ஸ்ட்ராவும் ஆக்ட்ரிக்ஸும், தங்களைத் தவறாகப் பட்டியலிட்டதாக நீதிமன்றம் சென்றன. 2001 ஜூனில் ஆர்ப்ஸ் மூடப்பட்டது.

மேப்ஸும் வழக்குகளைச் சந்தித்தது. 2000 ஜூலையில் கருத்துக் கணிப்பு நிறுவனமான ஹாரிஸ் இன்டராக்டிவ், மேப்ஸ் மீதும், அதன் பட்டியலைப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட், ஏ.ஓ.எல். முதலியவற்றின் மீதும் வழக்குத் தொடுத்தது; பின்னர் கைவிட்டது. மீடியா3 என்ற நிறுவனம் பட்டியலிலிருந்து தன்னை உடனே நீக்க ஆணையிடுமாறு கோரியபோது, 2001 ஜனவரியில் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. திறந்த வழங்கி பற்றிய வழக்கன்று இது. குப்பையஞ்சலுக்குத் துணைபோகும் தளங்களுக்கு இடம் கொடுத்ததற்காக மீடியா3-இன் முகவரித் தொகுதிகள் பட்டியலில் ஏறியிருந்தன. அதே தொகுதியில் குடியிருந்த அயலார்களுள் ஒன்று பீஸ்ஃபயர். இணையத் தணிக்கை மென்பொருள்களை எதிர்ப்பதற்கென்றே நடந்த தளம் அது. தணிக்கைக்கு எதிரானவர், தாம் செய்யாத தவறுக்காக, பக்கத்து வீட்டுக்காரரால் மறைக்கப்பட்டார். ஊர்விலக்கில் வழிவழியாக நடப்பதும் இதுவே. ஒருவர் செயலுக்குத் தெருவே விலக்கப்படும்.

*

இவ்வழக்கில் மிகவும் தனித்து நின்றவர் ஜான் கில்மோர். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தொடக்க ஊழியர்களுள் ஒருவர். இணைய உரிமைகளுக்கான ஈ.எஃப்.எஃப். அமைப்பை நிறுவியோருள் ஒருவர். 1987-இல் பதிவு செய்த டோட்.காம் என்ற தம் தளத்தின் அஞ்சல் வழங்கியை அவர் திறந்தே வைத்திருந்தார். பயணத்தில் இருக்கும் நண்பர்கள் எங்கிருந்தும் மடல் அனுப்ப அது உதவுகிறது என்றார். பெருந்தொகையாக மடல் அனுப்புவோருக்குப் பயன்படாதபடி அதன் வேகத்தைக் குறைத்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

2001-இல் அவருக்கு இணைப்பு வழங்கிய வெரியோ நிறுவனம், திறந்த வழங்கி தன் விதிகளுக்கு மாறானது என்று கூறி நடவடிக்கையில் இறங்கியது. கில்மோர் அதைத் தணிக்கை என்றார். தம் கணினி யாருக்கும் தீங்கு செய்ததாகச் சான்று காட்டாமல், ஒரு தனியார் நிறுவனம், பெயர் தெரியாத பலரின் நெருக்குதலுக்கு அடங்கித் தம் வாயை மூடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. ஈ.எஃப்.எஃப். அமைப்பு அதே ஆண்டில் ஒரு கொள்கையை அறிவித்தது: குப்பையைத் தடுக்கும் எந்த வழியும், குப்பையல்லாத மடல் ஒவ்வொன்றும் உரியவரைச் சேர்வதை உறுதி செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பின் விடை கடுமையானது. உன் விருந்தோம்பலின் செலவை ஏற்பவர்கள் நாங்கள். உன் திண்ணையில் தங்கிச் செல்பவன் எங்கள் வீட்டில் திருடுகிறான். 2002-இல் யாஹா என்ற தீநிரல் பரவியபோது, தன்னைப் பரப்பிக்கொள்ளப் பயன்படுத்த வேண்டிய வழங்கிகளுள் ஒன்றாக டோட்.காமின் பெயரும் அதற்குள் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. கில்மோரின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

இரு தரப்பையும் எடைபோடும்போது ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பயணத்தில் இருப்பவர் மடல் அனுப்ப மாற்று வழி உண்டா என்பதே தீர்க்கமான கேள்வி. மடலை ஒப்படைப்பதற்கென்று 587 என்ற தனி வாயிலை வகுத்த ஆர்.எஃப்.சி. 2476 வெளியானது 1998 டிசம்பரில். கடவுச்சொல் காட்டித் தம்மை மெய்ப்பித்த பின் அனுப்பும் முறையை வகுத்த ஆர்.எஃப்.சி. 2554 வெளியானது 1999 மார்ச்சில். உரிமையற்றோர் பயன்பாட்டைத் தடுக்க அஞ்சல் வழங்கிகளால் இயல வேண்டும் என்று பரிந்துரைத்த ஆர்.எஃப்.சி. 2505 அதற்கு ஒரு மாதம் முந்தையது. ஆகவே 1997-இல் கதவை மூடு என்றவர்கள், மாற்று வழிகள் சரிவர வகுக்கப்படும் முன்பே வழிப்போக்கரை வெளியே நிறுத்தினர். 2002-இல் திறந்தே வைப்பேன் என்றவர், மாற்று வழி வந்த பின்பும் பழைய கதவையே பற்றி நின்றார். இருவரும் ஒரே கோட்பாட்டைப் பேசினாலும் காலம் அவர்களுக்கிடையே நீதியை மாற்றிப் பங்கிட்டது.

உண்மையில் கதவுகள் மூடப்பட்டது தண்டனையால் மட்டுமன்று. 1998 மே மாதம் வெளியான சென்ட்மெயில் 8.9 பதிப்பு, அயலார் மடலை வாங்கித் தருவதை இயல்பாகவே மறுத்தது. இனி திறக்கத்தான் முயல வேண்டும். ஒரு மென்பொருளின் இயல்பு நிலை மாறியதும், அதை நிறுவிய பல்லாயிரம் பேரின் இயல்பும் மாறிற்று. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று போஸ்டல் மறைந்தார்.

*

ஆர்ப்ஸுக்குப் பின் அதன் வாரிசுகள் பல. ஆர்ப்ஸ் என்ற பெயரின் இறுதி எழுத்தை மாற்றிக்கொண்டு வந்த ஓ.ஆர்.பி.இசட். என்ற பட்டியலின் சோதனை மடல், 2002-இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக் நகராட்சி வழங்கியில் ஒரு மென்பொருட் பிழையைத் தூண்டி அதை முடக்கிற்று. காவல் விசாரணை வரை சென்றதும் அப்பட்டியல் மூடப்பட்டது. 2003 ஆகஸ்டில் ஓசிருசாஃப்ட் பட்டியல், தொடர் தாக்குதலைத் தாங்காமல் ஓய்ந்தபோது, கேட்டவர்க்கெல்லாம் 'ஆம், விலக்கப்பட்டவர்' என்றே விடை தந்தது. டென்மார்க்கின் ஓ.ஆர்.டி.பி. 2006 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது. 2008 மார்ச்சில், இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவும் உலகம் முழுவதையும் விலக்கிக் காட்டியது. பட்டியல் இறந்து பதினைந்து மாதமாகியும் அதைக் கேட்பதை நிறுத்தாதவர்கள் இருந்தனர் என்பது எண்ணத்தக்கது. தீர்ப்பளிக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தவர், அவர் உயிரோடிருக்கிறாரா என்றுகூடப் பார்ப்பதில்லை.

2004 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. வேறு நாடுகளின் அமைப்புகளோடு சேர்ந்து, திறந்த வழங்கிகளின் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதியது. அப்போது களம் மாறத் தொடங்கிவிட்டது. 2003-இன் சோபிக் தீநிரல், வீட்டுக் கணினிகளையே குப்பையஞ்சல் அனுப்பும் கருவிகளாக்கும் வழியைக் காட்டிற்று. திறந்த கதவு தேவையில்லை. பூட்டிய கதவை உடைத்தாலே போதும். ஓ.ஆர்.டி.பி. தன்னை மூடிக்கொண்டபோது சொன்ன காரணமும் ஏறத்தாழ இதுவே: குப்பை இப்போது வேறு வழியில் வருகிறது.

பட்டியல்களின் ஆட்சியும் கைமாறிற்று. மேப்ஸ் 2001-இல் கட்டணச் சேவையாயிற்று. 2005-இல் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பின்னர் நிறுவனங்களின் கைக்குச் சென்ற சார்ப்ஸ், 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. இன்று மடலை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் சில பெருநிறுவனங்களின் உள்கணக்கில் நடக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகிளும் யாஹூவும் பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் காட்ட வேண்டிய அடையாளச் சான்றுகளை வரையறுத்தபோது, உலகம் இணங்கிற்று. சொந்த வழங்கி வைத்து மடல் அனுப்பும் ஒரு சிறு இதழ், தன் மடல்கள் ஏன் குப்பைப் பெட்டிக்குப் போகின்றன என்று கேட்டால், விடை சொல்லும் மனிதர் எவரும் அகப்படுவது அரிது.

ஆலன் பிரௌனோடு சண்டையிட முடிந்தது. விக்ஸியை நீதிமன்றத்துக்கு அழைக்க முடிந்தது. அவர்களுடைய பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று எவரும் பார்க்க முடிந்தது. அந்தப் பூசலின் நல்விளைவுகளுள் ஒன்று, 2012-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6471 என்ற வழிகாட்டி. விலக்குப் பட்டியல் நடத்துவோர், எதற்காகச் சேர்க்கிறோம், எப்படி நீக்குகிறோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நீக்கக் கோருவோருக்கு வழி இருக்க வேண்டும். பட்டியலை மூடும்போது உலகத்தை விலக்கிவிட்டுப் போகக் கூடாது என்பன போன்ற நெறிகள் அதில் உள்ளன. பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்த ஏச்சும் வழக்கும் சேர்ந்து எழுதிய ஒரு சிறு அறநூல் என்று அதைச் சொல்லலாம். கையளவு தன்னார்வலர்கள் நடத்திய பட்டியல்களிடம் நாம் கேட்ட அந்த நெறிகளை, அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய கதவுகளைக் காப்பவர்களிடம் இன்று யாரும் அத்தனை உரக்கக் கேட்பதில்லை.